வாசல் துணியில் யார் பெயர்? – கன்சாய் நாட்குறிப்பு

நாள் 1 – ஒசாகா

காலை எட்டு மணிக்குக் கன்சாய் விமான நிலையம். பிப்ரவரிக் குளிர் காதைப் பிடித்துத் திருகியது. கோபேயில் பத்து வருடமாகக் குடியிருக்கும் தோழி வந்து கூட்டிப்போனாள். இந்தப் பயணம் முழுக்க அவள்தான் என் வாயும் காதும்.

எல்லாரும் ஜப்பானுக்குச் செர்ரிப் பூ பார்க்கப் போவார்கள். நான் வந்தது வேறு காரியமாக. பழைய வணிகக் குடும்பங்களில் கல்லாவைப் பிடித்திருந்த பெண்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருந்த தெருக்களைக் காலால் நடந்து பார்க்க ஆசை.

மதியம் ஹிகோபாஷி. ஆற்றங்கரையில் தாய்தோ ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பெரிய கட்டடம். காஜிமாயா என்ற பழைய அரிசி வியாபார, வட்டிக்கடைக் குடும்பத்திலிருந்து கிளைத்த நிறுவனம் இது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் ஹிரோஒகா அசாகோ (1849–1919). உள்ளே சின்னதாக ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார்கள்.

அசாகோ பிறந்தது கியோத்தோவில், மிட்சுயி குடும்பத்தில். பதின்மூன்று வயதில் புத்தகம் தொடக்கூடாது என்று வீட்டில் தடை. பதினேழு வயதில் கல்யாணம். வந்து பார்த்தால் கணவர் தேநீர்ச் சடங்கு, பாட்டு என்று இருக்கிறார், கடை கணக்கர்கள் கையில். இது ஒரு நாள் கவிழும் என்று பயந்துபோய், ராத்திரியில் தானே கணக்கும் வரவுசெலவு எழுதுவதும் கற்றுக்கொண்டதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பயந்தபடியே ஆனது. 1868-ல் ஆட்சி மாறியதும், பிரபுக்களுக்குக் கொடுத்திருந்த கடன்களில் பெரும்பகுதி வாராக்கடன். அதற்கப்புறம் கியூஷூ தீவில் நிலக்கரிச் சுரங்கம், 1888-ல் வங்கி, 1902-ல் காப்பீட்டு நிறுவனம். சுரங்கத் தொழிலாளிகளோடு தங்கி வேலை வாங்கினார், இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்றெல்லாம் சொல்வார்கள். 1901-ல் தோக்கியோவில் ஜப்பான் பெண்கள் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பணத்துக்கும் ஆதரவுக்கும் அலைந்தவர்களில் இவரும் ஒருவர். அவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயருக்கு அர்த்தம், ‘ஒன்பது தடவை விழுந்து பத்து தடவை எழுந்தவர்’. கணக்கு இடிக்கிறதே என்றேன். “அவங்களுக்குக் கணக்கு வராதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க அக்கா” என்றாள் தோழி.

சாயங்காலம் செம்பா. ஒரு காலத்தில் ஒசாகா வணிகர்கள் கூடி வாழ்ந்த பகுதி. இன்று முழுக்க அலுவலகக் கட்டடங்கள். ஆனாலும் அந்த வீடுகளின் பேச்சு வழக்கு பெரியவர்கள் நினைவில் இருக்கிறதாம். எஜமானி கோர்யோன்-சான். வயதான எஜமானி ஒயே-சான். மூத்த மகள் இதோ-சான், கடைக்குட்டி கோயி-சான். மளிகைச் சாமானைப் போல வீட்டுப் பெண்களையும் பெயர் எழுதிய டப்பாக்களில் அடுக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

இந்த வீடுகளில் பெண் குழந்தை பிறந்தால் சிவப்புப் பயறு போட்டுச் சோறு சமைத்துக் கொண்டாடுவார்களாம். கேட்டவுடன் நெகிழ்ந்துவிட வேண்டாம். மகன் எப்படி வாய்க்கிறானோ அப்படி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மருமகனைத் தேர்ந்தெடுக்கலாம். கடையில் சிறு வயதிலிருந்து வேலை பார்த்த கெட்டிக்காரப் பையனை மகளுக்குக் கட்டிவைத்து, அவனையே மகனாகத் தத்து எடுத்துக் குடும்பப் பெயரையும் கொடுத்துவிடுவார்கள். பெயர் முகோயோஷி. நம் வீட்டோடு மாப்பிள்ளைதான், ஆனால் நம் ஊரில் அந்தச் சொல்லில் இருக்கிற இளக்காரம் இதில் குறைவு.

கால் வலிக்கிறது. மீதி நாளைக்கு.

நாள் 2 – நிஷினொமியா

காலையிலேயே ஒரு அசட்டுத்தனம். நிஷினொமியா என்ற பெயரில் ஜே.ஆர். நிலையம் ஒன்று, ஹான்ஷின் நிலையம் ஒன்று, ஹான்க்யூ ரயிலில் நிஷினொமியா-கிதாகுச்சி என்று இன்னொன்று. தோழி ஹான்ஷின் நிலையத்தில் காத்திருக்க, நான் ஜே.ஆரில் போய் இறங்கி, ரொக்கோ மலையிலிருந்து இறங்கும் காற்றில் கால் மணி நேரம் நடந்தேன். அந்தக் காற்றுக்கு ரொக்கோ-ஒரோஷி என்று பெயரே உண்டு. நாதா பகுதியில் சாகே என்ற அரிசி மது நன்றாக வருவதற்கு இந்தக் குளிர்காற்றும் காரணம் என்பார்கள். நான் சாகே இல்லையே, மூக்கு ஒழுகியது.

கோபேயிலிருந்து இங்கே வரை கடலோரமாக நீளும் ஐந்து மதுவடிப்புப் பகுதிகளைச் சேர்த்து நாதா-கோகோ என்கிறார்கள். ஷோகன்கள் ஆண்ட எதோ (Edo) காலத்தில் இங்கிருந்துதான் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் எதோ நகருக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, சாகே போனது. பீப்பாய் கொண்டுபோவதற்கென்றே தனிக் கப்பல்கள் இருந்தன.

முதலில் தண்ணீர். நிலையத்துக்குத் தெற்கே, சாதாரணக் குடியிருப்புத் தெருவில் வேலி போட்ட கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாகே நிறுவனத்தின் பலகை. இந்தக் கிணற்று நீர்தான் மியாமிசு. யமாமுரா தஸாஎமோன் என்பவருக்கு இரண்டு ஊர்களில் வடிப்புக்கூடம் இருந்தது. நிஷினொமியாவில் வடிப்பது மட்டும் எப்போதும் ஒரு படி மேல். அரிசியை ஒன்றாக்கிப் பார்த்தார், வேலைக்காரர்களை இடம் மாற்றிப் பார்த்தார். கடைசியில் தண்ணீரைச் சுமந்துபோய்ப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அது 1840. இரும்புச் சத்து குறைந்த, பாஸ்பரஸும் பொட்டாசியமும் நிறைந்த கடின நீர். அப்புறம் என்ன, கிணறு இல்லாதவர்களுக்குத் தண்ணீர் விற்பதே ஒரு தொழிலாகிவிட்டது.

அந்த 1840-ல் இதே ஊரில் தட்சுவுமா கியோவுக்கு முப்பத்தொரு வயது. நான் தேடி வந்தது இவரைத்தான்.

தட்சுவுமா குடும்பம் 1662-லிருந்து சாகே வடிக்கிறது. ஹாகுஷிகா, அதாவது வெள்ளை மான், அவர்களுடைய முத்திரை. வீட்டுத் தலைவர் கிச்சிஸாஎமோன் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சூடிக்கொள்வார். அந்த வீட்டு மகள் கியோ, பிறந்தது 1809. வீட்டோடு மாப்பிள்ளை எடுத்தார்கள். அவர் 1855-ல் இறந்துபோனார். கியோவுக்கு நாற்பத்தாறு வயது, வீடு நிறையப் பிள்ளைகள். அன்றிலிருந்து 1900-ல் கண்மூடும் வரை அந்த வியாபாரத்தின் மூளை அவர்தான். அவர் காலத்தில் ஹாகுஷிகா நாட்டின் மிகப் பெரிய சாகே வீடுகளில் முன்வரிசைக்கு வந்தது.

அதை எங்கே உட்கார்ந்து செய்தார் என்பதுதான் விஷயம். வடிப்புக்கூடத்துக்குள் பெண் காலடி வைக்கக்கூடாது. வெளியே மற்ற வடிப்பாளர்கள் கூடும் இடத்திலும் பெண்ணுக்கு இடமில்லை. ஆகவே பந்தோ, அதாவது தலைமைக் கணக்கர், அவருக்காகப் போவார், பேசுவார், விலை முடிப்பார், திரும்பி வந்து சொல்வார். முடிவு உள்கட்டில் எடுக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் பெண் எடுப்பது, மாப்பிள்ளை தேடுவது, தத்துக் கொடுப்பது, கிளைக் குடும்பம் வைத்துக்கொடுப்பது எல்லாம் கியோவுக்கு வியாபாரக் கணக்கின் பகுதிதான். வீட்டு வேலை என்று பெண்ணிடம் ஒதுக்கியதே கம்பெனியின் ஆள் எடுப்பு இலாகாவாக இருந்திருக்கிறது.

இப்போது அருங்காட்சியகம். ஹாகுஷிகா நினைவுச் சாகே அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி, 1869-ல் கட்டிய பழைய வடிப்புக்கூடத்திலேயே இருக்கிறது. 1869 என்றால் கியோவுக்கு அறுபது வயது. 1995 ஜனவரி 17 விடிகாலை நிலநடுக்கத்தில் நாதாவின் மரக் கூடங்கள் ஏராளமாக விழுந்தன. இதுவும் அடிபட்டு, மறுபடி சீர்செய்யப்பட்டு நிற்கிறது.

உள்ளே நுழைந்தால் இருட்டும் பழைய மர வாசமும். ஆளுயரத்தைத் தாண்டிய தேவதாரு மரத் தொட்டிகள். மூங்கிலை முறுக்கிக் கட்டிய வளையங்கள்தான் அதைப் பிடித்திருக்கின்றன. நீளக் கம்புத் துடுப்பு ஒன்றின் கைப்பிடியைப் பார்த்தேன், பிடித்த இடம் மட்டும் மெழுகு போல வழவழவென்று தேய்ந்திருந்தது. தாம்பா மலைப்பகுதி விவசாயிகள் அறுவடை முடிந்து குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடுவார்கள். நூறு நாள் சம்பாத்தியம் என்றே அதற்குப் பெயர். அவர்களுக்குத் தலைவர் தோஜி. கடிகாரம் இல்லாத காலத்தில் பாட்டுப் பாடித்தான் நேரம் அளந்திருக்கிறார்கள். வெந்த அரிசியை மசிக்க ஒரு பாட்டு, தொட்டி கழுவ ஒரு பாட்டு. இத்தனை அடி பாடி முடித்தால் வேலை பதம்.

அந்தப் பாட்டு கியோவுக்குக் காது வரை வந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பாட்டு எந்த அடியில் இருக்கிறது என்பதை வைத்தே கூடத்தில் என்ன நடக்கிறது என்று கணித்திருப்பாரோ? இது என் கற்பனை, எந்த ஆவணத்திலும் நான் பார்க்கவில்லை. ஆனால் நாற்பத்தைந்து வருடம் கேட்டால் யாருக்குத்தான் தெரியாது.

டிக்கெட் எடுத்துக்கொண்டு நான் மட்டும் ஜம்மென்று உள்ளே நடந்துவிட்டேன். வெளியே வரும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

திரைக்குப் பின்னால் இருந்து ஆட்டிவைத்த ராணி என்று கியோவை வியந்து எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவர் வீட்டு மகளாகப் பிறந்தார், புருஷன் வெளியிலிருந்து வந்தவர். அதனால்தான் பந்தோவும் பிள்ளைகளும் அவர் சொல்லுக்குத் தலையாட்டினார்கள். இதே சாமர்த்தியம் உள்ள ஒரு மருமகள் அதே வீட்டில் விதவையாகியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

நாள் 3 – கியோத்தோ, மத்சுனோஓ

சின்னப் பதிவு. ஹான்க்யூ ரயிலில் கட்சுராவில் மாறி மத்சுனோஓ தைஷா. சாகேக்கு இதுதான் குலதெய்வக் கோயில். 701-ல் எழுப்பியது. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்த காணிக்கைப் பீப்பாய்கள் சுவர் மாதிரி அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே ஆமை ஊற்று. இந்தத் தண்ணீரை வடிப்பில் கலந்தால் சாகே கெடாது என்று இன்றும் வடிப்பாளர்கள் எடுத்துப்போகிறார்கள். நானும் ஒரு பாட்டில் பிடித்தேன். பல் கூசியது.

பெண்ணை ஏன் வடிப்புக்கூடத்துக்குள் விடவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சாகேயைக் காக்கும் தெய்வம் பெண், அவளுக்குப் பொறாமை என்பார்கள். தீட்டு என்பார்கள். ஊறுகாய்ப் பானையில் கை விட்டவள் கிருமியைக் கொண்டுவருவாள் என்பார்கள். மாதக்கணக்கில் ஆண்கள் தங்கி வேலை செய்யும் இடம், வம்பு வேண்டாம் என்பார்கள். இத்தனை காரணம் சொல்லவேண்டி வந்தாலே ஒன்றும் சரியான காரணம் இல்லை என்றுதான் எனக்குப் படும்.

வேடிக்கை என்னவென்றால், ஆதியில் அரிசியை மென்று துப்பிப் புளிக்க வைத்து மது செய்தவர்கள் பெண்கள். தோஜி என்ற சொல்லே வீட்டு எஜமானியைக் குறித்த ஒரு பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு.

இன்று தடை எல்லாம் போய்விட்டது. ஹிரோஷிமா பக்கம் அகித்சுவில், 1868-ல் தொடங்கிய தன் குடும்பத்து வடிப்புக்கூடத்தில் இமாதா மிஹோ தலைவராகவும் இருக்கிறார், தோஜியாகவும் இருக்கிறார். 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பந்தோவை அனுப்பாமல் தானே தொட்டிக்குள் எட்டிப்பார்க்கலாம்.

நாள் 4 – அரிமா

கோபேயிலிருந்து மலையேறி அரிமா. பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் காலத்திலேயே பேர் வாங்கிய வெந்நீரூற்று ஊர். இரும்பும் உப்பும் கலந்த பழுப்பு நீருக்கு இங்கே ‘தங்க வெந்நீர்’ என்று பெயர். பார்க்க நம் ஊர்ச் செம்மண் குட்டைதான், இறங்கினால் எழுந்திருக்க மனசு வராது.

தங்கியது ஒரு பழைய ரியோகான் விடுதி. பெயர் எழுதவில்லை, காரணம் பின்னால் வரும். வாசலில் தொங்கும் துணிக்கு நோரென் என்று பெயர். கருநீலத்தில் வீட்டுச் சின்னம். அதை விலக்கிக்கொண்டு நுழைந்தால், மரத்தரையில் மண்டியிட்டு, விரல்களை ஊன்றி வணங்கியபடி ஒகாமி. விடுதியின் எஜமானி. ஐம்பதை ஒட்டிய வயது, சாம்பல் நிறக் கிமோனோ.

அவர் பேசிக்கொண்டே செய்த ஒரு காரியத்தை நான் கண் எடுக்காமல் பார்த்தேன். கழற்றிப் போட்ட என் காலணி ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. ரயில் வசதியாக இருந்ததா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டபடியே, கை மட்டும் தானாகப் போய், இரண்டையும் சேர்த்து வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தது. கேள்வி முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் கேட்கக் கீழே போனபோது அலுவலக அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதே ஒகாமி. கிமோனோ கைகளை ஒரு கயிற்றால் தோளுக்குப் பின்னால் இழுத்துக் கட்டி, மூக்கு நுனியில் கண்ணாடி, முன்னால் கால்குலேட்டர். மேசையில் மீன் வியாபாரி பில், சலவைக்காரர் பில். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். தோழி மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள். அவரும் உட்காரச் சொன்னார்.

அப்பா மாதச் சம்பளக்காரர். கல்யாணமாகி வந்தபோது விடுதி என்றால் என்னவென்றே தெரியாதாம். மாமியார் பெரிய ஒகாமி, இவர் சின்ன ஒகாமி. மாமியார் எதையும் சொல்லித் தந்ததில்லை, பார்த்துத் திருடிக்கொள் என்பாராம். முதல் இரண்டு வருடம் பூ வைப்பதும் செருப்பு அடுக்குவதும்தான். எந்த விருந்தாளிக்கு இறால் ஆகாது, யார் மனைவி போன வருடம் இறந்துபோனார், அதனால் இந்தத் தடவை ஒரு படுக்கைதான் போட வேண்டும் என்பதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். காட்டவில்லை. அட்டை மட்டும் தெரிந்தது, முனை நைந்துபோய் ஒட்டுப் போட்டது.

“சமையலறை?” என்று கேட்டேன்.

“அது தலைமைச் சமையல்காரருடைய இடம். நான் வாசல்படியோடு நின்று பேசுவேன்.”

“வங்கிக் கடன்?”

சிரித்தார். மேலதிகாரியோடு பேசுவது, வட்டி குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவது இவர். முத்திரை குத்துவது கணவர், அவர்தான் கம்பெனித் தலைவர். “அவர் முத்திரை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது” என்றார். தோழி அதை மொழிபெயர்ப்பதற்குள் நானே சிரித்துவிட்டேன், விரலால் இழுப்பறையைத் தட்டிக் காட்டினாரே.

மாடிக்கு வந்து படுத்தபின் அந்தச் சிரிப்பு கொஞ்சம் உறுத்தியது. 1898-ல் வந்த குடிமைச் சட்டப்படி, கல்யாணமான பெண் கடன் வாங்கவோ சொத்து விற்கவோ புருஷன் சம்மதம் வேண்டும். 1947-ல் அது ஒழிந்தது. இன்று சட்டம் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. ஆனாலும் தெய்கோகு தகவல் வங்கி என்ற ஆய்வு நிறுவனத்தின் 2023 கணக்குப்படி ஜப்பானியக் கம்பெனித் தலைவர்களில் பெண்கள் நூற்றுக்கு எட்டு சொச்சம்தான். அதிலும் பாதிப் பேர் குடும்பத் தொழிலை ஏற்றுக்கொண்டு வந்தவர்கள். இந்த ஒகாமி அந்தக் கணக்கிலும் வரமாட்டார், தாளில் தலைவர் இவர் இல்லையே.

கீழிருந்து கிளம்பும்போது கேட்டிருந்தேன், உங்கள் பெயரைப் போட்டு எழுதலாமா என்று. கொஞ்சம் யோசித்தார். “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்றார்.

நாள் 5 – அரிமாவிலிருந்து கிளம்பும் முன்

காலைச் சாப்பாட்டுத் தட்டை எடுக்க அவரே வந்தார். பெயர் வேண்டாம் என்றார். விடுதிப் பெயரும் வேண்டாம்.

“உங்கள் கணவருக்கு இஷ்டமில்லையா?”

இல்லையாம். அவரிடம் கேட்கவே இல்லை. பெரிய ஒகாமி வேண்டாம் என்றுவிட்டாராம். எண்பத்து நான்கு வயது. இந்த இரண்டு நாளில் நாங்கள் ஒரு தடவைகூட அவரைப் பார்க்கவில்லை, விடுதியின் பின்கட்டில் இருக்கிறார் என்று மட்டும் தெரியும்.

பணம் கட்டினோம். ரசீதில் சதுரமாகச் சிவப்பு முத்திரை, பக்கத்தில் கணவர் பெயர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என் காலணி வாசலைப் பார்த்துத் தயாராக இருந்தது.

ஒகாமி தெரு வரை வந்து குனிந்து வழியனுப்பினார். திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன், இன்னும் குனிந்துதான் இருந்தார். அவருக்குப் பின்னால் நோரென் காற்றில் லேசாக ஆடியது. அதன் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் வெள்ளைக் காலுறை போட்ட இரண்டு சின்னப் பாதங்கள், பக்கத்தில் ஒரு கைத்தடி. பஸ் திரும்பும் வரை அவை நகரவில்லை.